நிலக்கடலையும் சுண்ணாம்புச் சத்தும்

மும்பையின் வடாலாவிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் சென்றால் செம்பூரும் டிராம்பேயும் வருகின்றன. நாட்டின் நிலக்கடலைச் சாகுபடிக்கு இப்பகுதி இரு வகைகளில் தொண்டாற்றி வருகிறது. டிராம்பேயில் உள்ள பாபா அணுசக்தி ஆராய்ச்சி மையம், கதிர்வீச்சின் மூலம் மரபு மாற்றம் செய்து புதிய நிலக்கடலை இரகங்களை உருவாக்கியது. 1973-ல் வெளியான டி.ஜி.1, 1991-ல் வெளியான டி.ஏ.ஜி.24 ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இந்திய உரக் கழகத்தைச் சீரமைத்தபோது 1978-ல் தோன்றிய ராஷ்டிரிய கெமிக்கல்ஸ் அண்டு பெர்டிலைசர்ஸ் நிறுவனத்தின் ஆலையும் இங்கேயே உள்ளது. அதன் ‘சுபலா’ 15:15:15 கலப்பு உரம் விவசாயிகள் நன்கறிந்தது.

நல்ல விதையும் உரமூட்டையும் கிடைத்த பின்னரும், அறுவடையில் பொக்குக் காய்கள் மிகுந்து விவசாயி நட்டமடைவது உண்டு. அதன் காரணங்களுள் முக்கியமான ஒன்று, நிலக்கடலை காய்க்கும் முறையிலேயே அடங்கியுள்ளது.

காய் உண்ணும் முறை

மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தை வேர்கள் உறிஞ்சுகின்றன. இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது, நீரோட்டத்துடன் அச்சத்தும் மேலே செல்கிறது. ஒருமுறை இலையைச் சென்றடைந்த சுண்ணாம்புச் சத்து பிற பாகங்களுக்குத் திரும்புவதில்லை. மண்ணுக்குள் வளரும் காயிலிருந்தோ நீர் ஆவியாவதில்லை. எனவே, விழுது மண்ணில் இறங்கியபின், காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே பெற வேண்டும்.

மேல் மண்ணில் ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்திற்குள் இச்சத்து இல்லையெனில் ஓடு உருவாகும், பருப்பு நிறையாது. நிறைந்த பருப்பிலும் முளைக்குருத்து கறுத்து, முளைப்புத் திறன் குறையும். பெரும் பருப்பு இரகங்களுக்கு இத்தேவை இன்னும் அதிகம். செடி பசுமையாக இருப்பதால் குறை வெளியே தெரிவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

உரத்தின் அளவும் வகையும்

நிலக்கடலை வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் நுண்ணுயிரிகள், காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்த்துத் தருகின்றன. ஆகவே, தமிழ்நாட்டில் மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 10, மணிச்சத்து 10, சாம்பல் சத்து 45 கிலோ என்பதே நெடுங்காலப் பரிந்துரை. சாம்பல் சத்துத் தேவை முழுவதையும் 15:15:15 உரத்தைக் கொண்டே ஈடு செய்வதாயின், 300 கிலோ இட வேண்டும். தழைச்சத்தும் 45 கிலோ சேர்ந்துவிடும். இது வீண் செலவாகும்.

மணிச்சத்தைச் சூப்பர் பாஸ்பேட்டாக இட்டால், உடன் சுண்ணாம்பும் கந்தகமும் கிடைக்கும். டி.ஏ.பி.யில் இவை இல்லை. பொட்டாஷை மிகையாக மேல் மண்ணில் இடுவதும் தவறு. காய் சுண்ணாம்பை ஏற்பதற்கு அது போட்டியாக அமையும். அதனை அடியுரமாக மண்ணில் நன்கு கலந்துவிட வேண்டும்.

ஜிப்சம் இடும் காலம்

ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் பரிந்துரைக்கப்படுகிறது. தூய ஜிப்சத்தில் சுமார் 23 விழுக்காடு சுண்ணாம்புச் சத்தும் 18 விழுக்காடு கந்தகமும் உண்டு. கந்தகம் எண்ணெய்ச் சத்துக்கும் புரதத்துக்கும் இன்றியமையாதது. இறவைப் பயிரில் விதைத்த 40 முதல் 45-ஆம் நாளில், செடியின் ஓரமாக ஜிப்சத்தை இட்டு மண் அணைக்க வேண்டும். மானாவாரியில் மண்ணின் ஈரத்தைப் பொறுத்து 75-ஆம் நாள் வரை இடலாம். விழுதுகள் இறங்கியபின் மண்ணைக் கிளறலாகாது. அமில நிலங்களுக்கு விதைப்புக்கு முன் சுண்ணாம்பு இடுவது பொருந்தும். ஆனால் ஜிப்சமே விரைவில் கரைந்து காய்க்கு எட்டும்.

செய்ய வேண்டியது

ராஜஸ்தானில் இயற்கைப் படிவாகவும், பாஸ்பாரிக் அமில ஆலைகளில் துணைப்பொருளாகவும் ஜிப்சம் கிடைக்கிறது. எனினும், விதைப்பு நாளில் உரம் வாங்கியதோடு பலர் நிறுத்திவிடுகின்றனர். 2015-ல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம் வகுத்த 12 அளவீடுகளில் கந்தகமும் போரானும் உள்ளன. சுண்ணாம்புச் சத்து இல்லை. ஆகவே, நிலக்கடலை வட்டாரங்களில், குறிப்பாக மணற்பாங்கான செம்மண் நிலங்களில், அட்டையை மட்டும் நம்பாமல் காய்ப் பகுதி மண்ணையும் தனியே ஆய்வு செய்தல் நலம்.

விரிவாக்க அலுவலர்கள் பூக்கும் பருவத்திற்கு முன்பே ஜிப்சம் கிராமத்தை வந்தடைய ஏற்பாடு செய்தல் வேண்டும். மண் அணைத்து முடித்தபின் வரும் மூட்டையால் விவசாயிக்குப் பயன் மிகக் குறைவு.