5 கிலோ தெர்மோகோல் 1,800 கிலோ இரும்பு ஆகிறது!

வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய உருவம். எடை 5 கிலோதான். அதே உருவம் சில நாளில் இரும்பாக வெளியே வருகிறது. அப்போது அதன் எடை சுமார் 1,800 கிலோ! தூக்குவதற்குக் கிரேன் வேண்டும்.

இது மாயம் அல்ல. கோவை வட்டாரத்தில் சில பவுண்டரிகளில் நடக்கும் வேலைதான்.

பம்பு தந்த தொழில்

கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. அந்தக் காலத்தில் மாடு பூட்டி, கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. விவசாயிகள் மெல்ல மெல்ல மோட்டார் பம்புக்கு மாறினார்கள். பம்பின் கூடு வார்ப்பு இரும்பு. அதை வார்க்கக் கணபதி, பீளமேடு போன்ற இடங்களில் பட்டறைகள் பெருகின.

வார்ப்பதற்கு முதலில் ஒரு மாதிரி உருவம் தேவை. பட்டறையில் இதைப் "பேட்டர்ன்" என்பார்கள். மரத்தில் செய்து, மண்ணில் பதித்து, பிறகு வெளியே எடுத்துவிடுவார்கள். மண்ணில் பள்ளம் விழும். அதில் இரும்புக் குழம்பை ஊற்றுவார்கள்.

ஒரே மர பேட்டர்னில் ஏராளமான பம்புகளை வார்க்கலாம். ஆனால் ஒரே ஒரு பெரிய எந்திரப் பாகம் மட்டும் வேண்டுமானால்? அதற்காக மரம் வாங்கி, நாள்கணக்கில் இழைத்தால் கட்டுபடி ஆகுமா?

எடுக்க வேண்டாம்!

இதற்கு வழி சொன்னவர் ஹரால்டு ஷ்ராயர் என்ற அமெரிக்கர். 1958-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. தெர்மோகோலில் பேட்டர்ன் செய்து மண்ணில் புதைக்க வேண்டும். அதை வெளியே எடுக்கவே வேண்டாம்! 1,300 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இரும்பை ஊற்றினால், தெர்மோகோல் உருகி ஆவியாகிவிடும். அந்த இடத்தை இரும்பு பிடித்துக்கொள்ளும். தெர்மோகோலில் 100-க்கு 98 பங்கு காற்றுதானே!

சூடான கம்பி

தெர்மோகோலை ரம்பத்தால் அறுத்தால் மணி மணியாக உதிரும். ஆகவே மெல்லிய நிக்ரோம் கம்பியில் மின்சாரம் செலுத்திச் சூடாக்குகிறார்கள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் கம்பி இறங்கும். துண்டுகளை ஒட்டி, சூடு தாங்கும் பூச்சு பூசுகிறார்கள்.

அளவில் ஒரு சூட்சுமம் உண்டு. இரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் சுருங்கும். எனவே பேட்டர்ன் செய்பவரின் அளவுகோலே சற்று நீளமாக இருக்கும்!

ஒரே வாய்ப்பு

இதில் ஆபத்தும் உண்டு. ஆவி வெளியேற வழி இல்லாவிட்டால் இரும்பில் ஓட்டை விழும். மர பேட்டர்னாக இருந்தால் மறுபடியும் பதிக்கலாம். இங்கே பேட்டர்ன்தான் எரிந்து போய்விட்டதே! முதலில் இருந்து தொடங்க வேண்டும். இரும்பு மீண்டும் உலைக்குப் போகும். பலருடைய பல நாள் உழைப்பு வீண். அதனால்தான் ஊற்றும் முன்பே ஒவ்வொரு மூலையையும் அளந்து பார்க்கிறார்கள்.

புகையும் நல்லதல்ல. காற்றோட்டமும் முகமூடியும் கட்டாயம் வேண்டும்.

வீட்டில் கவனம்

பள்ளிக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் தெர்மோகோலில் வீடும் கோவிலும் செய்கிறார்கள் அல்லவா? பெட்ரோல், தின்னர் கலந்த பசை பட்டால் தெர்மோகோல் கரைந்துவிடும். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையே ஏற்றது. சூடான கம்பியைப் பெரியவர்களே பிடிக்க வேண்டும். அதுவும் கதவு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு! மிஞ்சிய துண்டுகளை எரிக்கக் கூடாது.