ஒரு நாடு கிரிப்டோவைத் தன் பணமாக்க முடியுமா?



"பிட்காயின்தான் நாளைய ரூபாய், இப்போதே வாங்கி வைத்தவர் பிழைத்தார்" என்ற பேச்சு வாட்ஸ்அப்பிலும் டீக்கடையிலும் ஓய்ந்தபாடில்லை. மகளின் திருமணத்துக்குச் சேர்த்த நகையை அடகு வைத்து அதில் போடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு அந்தப் பேச்சில் கவர்ச்சி இருக்கிறது. எனவே ஒரு நாடு கிரிப்டோவைத் தன் பணமாக்க முடியுமா, நம் நாடு அப்படிச் செய்யப் போகிறதா என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முடியும். சட்டம் போட ஒரு நாள் போதும். மக்கள் அதைப் பணமாக நினைப்பார்களா என்பதுதான் சிக்கல்.

மத்திய அமெரிக்காவில் உள்ள எல் சால்வடோர் நம் தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கு பரப்புக்கூட இல்லாத நாடு. 2001 முதல் அங்கே சொந்த நாணயம் கிடையாது, அமெரிக்க டாலர்தான் புழக்கம். அந்நாட்டு ஜனாதிபதி நயீப் புக்கேலே 2021 ஜூன் மாதம் பிட்காயின் சட்டத்தை நிறைவேற்றினார். (இவருடைய முன்னோர் பாலஸ்தீனத்திலிருந்து குடியேறிய கிறிஸ்தவர்கள். தந்தை இஸ்லாத்தைத் தழுவி அங்கே இமாமாக இருந்தவர். மகன் அந்த மார்க்கத்தில் இல்லை.) செப்டம்பர் 7 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடைக்காரர் யாராக இருந்தாலும், வாங்க வழி இருந்தால், பிட்காயினை மறுக்கக் கூடாது என்றது சட்டம். சீவோ என்ற செல்போன் செயலியை அரசு கொடுத்தது. அதில் சேர்ந்தவருக்கு 30 டாலர் இலவசம்.

நோக்கம் நம் வீடுகளுக்கும் புரியக்கூடியதுதான். அந்நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம். சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ பணம் வரும் வீட்டில் கேட்டால் அனுப்பும் செலவு என்னவென்று சொல்வார்கள். அந்தச் செலவு மிச்சமாகும், வங்கிக் கணக்கே இல்லாத ஏழைக்குச் செல்போனே வங்கியாகும் என்று அரசு சொன்னது.

நடந்தது வேறு. முதல் நாளே கூட்டம் தாங்காமல் செயலியைச் சில மணி நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. பிட்காயின் விலையும் அன்றே பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தது. இலவசமாக வந்த 30 டாலரைச் செலவழித்த பிறகு பெரும்பாலானோர் அந்தச் செயலியைத் தொடவே இல்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்ட ஓர் ஆய்வு கண்டது. வெளிநாட்டுப் பணமும் மிகச் சிறிதளவே அந்த வழியில் வந்தது. கடைசியில் 140 கோடி டாலர் கடனுக்காகச் சர்வதேச நாணய நிதியத்துடன் 2024 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. அடுத்த மாதமே, 2025 ஜனவரியில், சட்டம் திருத்தப்பட்டது. பிட்காயினை வாங்குவது கடைக்காரர் விருப்பம் என்றானது, வரியை டாலரில்தான் கட்ட வேண்டும் என்றும் ஆனது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசும் 2022இல் இதே முயற்சியில் இறங்கி, அடுத்த ஆண்டே பின்வாங்கியது.

மக்கள் ஏன் ஏற்கவில்லை? காஞ்சிபுரத்துத் தறிக்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கூலியைப் பிட்காயினில் வாங்கி 2021 நவம்பரில் சேமித்து வைத்திருந்தால், அப்போது ஒரு பிட்காயின் சுமார் 69,000 டாலர். ஒரு வருடம் கழித்து 16,000 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. நூறு ரூபாய்க் கூலியில் முக்கால் பங்கு போயிற்று. பிறகு விலை பல மடங்கு ஏறியதும் உண்மை. ஆனால் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் இந்த மாதமே பணம் வேண்டியவர், விலை ஏறும்வரை காத்திருக்க முடியாது. மளிகைக்காரரும் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை எழுத வேண்டிவரும். நாளைக்கு ஏறும் என்று நம்புகிறவர் இன்று அதைச் செலவழிக்கவும் மாட்டார். கையில் புழங்காத பொருளைப் பணம் என்று எப்படிச் சொல்வது?

ஆட்சியாளர் பக்கத்திலிருந்தும் ஒரு தடை உண்டு. பிட்காயின் மொத்தமே 2.1 கோடிதான் உருவாகும் என்று அதன் கணக்கில் வரம்பு இருக்கிறது. வெள்ளமோ கொள்ளைநோயோ வந்தால் ரிசர்வ் வங்கி பணப்புழக்கத்தைக் கூட்டிக் கைகொடுக்கும். பிட்காயினை மட்டும் நம்பிய நாட்டில் அந்த வழி அடைபட்டுவிடும். இதையே நன்மை என்று சொல்பவர்களும் உண்டு, ஏனென்றால் அரசு இஷ்டத்துக்கு நோட்டு அடிக்க முடியாது. டில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக் 1330 வாக்கில் வெள்ளிக்குப் பதிலாகச் செம்பு, பித்தளை நாணயங்களை வெளியிட்டது நினைவிருக்கலாம். கள்ள நாணயம் பெருகி, கடைசியில் கஜானாவிலிருந்து வெள்ளியும் தங்கமும் கொடுத்து அவற்றைத் திரும்ப வாங்கினார். கள்ளத்தனம் விஷயத்தில் பிட்காயின் அந்தச் செம்புக் காசைவிட மேல்தான், அதைப் போலியாகச் செய்வது மிகக் கடினம். ஆனால் துக்ளக்கின் காசைத் திரும்ப வாங்க ஒரு கஜானா இருந்தது. பிட்காயினுக்குப் பின்னால் யாரும் இல்லை.

இனி நம் நாடு. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வியாபாரிகளுக்குச் சேவை செய்யக் கூடாது என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. "கோர்ட்டே அனுமதித்துவிட்டது" என்று சிலர் சொல்வது இதை வைத்துத்தான். வங்கிகள் மீதிருந்த தடைதான் நீங்கியது, கிரிப்டோ பணமாக்கப்படவில்லை. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்கவும் முடியாது. வரி போட்டதையே அரசின் அங்கீகாரம் என்று காட்டி வியாபாரம் செய்கிறார்கள்.

2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையில் 2024 ஜூலையில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புக்குத் திருட்டு நடந்தது. அதில் முதலீடு செய்திருந்த ஒருவரின் கணக்கும் முடக்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில், கிரிப்டோ ஒரு சொத்து, அதை உடைமையாக வைத்திருக்கலாம், ஆனால் அது நாணயம் அல்ல என்றார் நீதிபதி. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருப்பதுபோல் கிரிப்டோ சந்தைக் கணக்குக்குக் கிடையாது.

2022 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கி சோதனையாக விட்டிருக்கும் 'இ-ரூபாய்' இதில் சேராது. அது நம் ரூபாயேதான், செல்போனில் இருக்கிறது, அவ்வளவே. அதற்கு வட்டியும் கிடையாது. பெயரைக் குழப்பி "அரசின் கிரிப்டோ" என்று யாராவது விற்க வந்தால் அது பொய்.

மார்க்கச் சட்டத்தில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் தாருல் இஃப்தா பிட்காயின் வியாபாரத்தைத் தடுத்தது. இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில், நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றது. நிச்சயமின்மையும் (கரர்) பாதிப்பும் இருப்பதை அது காரணமாகக் காட்டியது. ஆகுமென்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். தங்கம், வெள்ளி தவிர வேறொன்றும் பணமாகாது என்பது எல்லா இமாம்களின் கருத்தும் அல்ல. மக்கள் தோலையே காசாக ஏற்றுக்கொண்டால் அதையும் தங்கம், வெள்ளிக்குத் தவணையில் விற்பதைத் தாம் வெறுப்பதாக இமாம் மாலிக் (ரஹ்) கருதினார்கள். அதாவது மக்களின் புழக்கமே ஒரு பொருளைப் பணமாக்குகிறது என்று இதிலிருந்து விளங்கலாம். எல் சால்வடோரில் இல்லாமல் போனதும் அந்தப் புழக்கம்தான். "வங்கி இல்லை, அதனால் வட்டி இல்லை" என்று சிலர் சொல்கிறார்கள். கிரிப்டோவைக் கடன் கொடுத்துக் கூடுதலாக வாங்கினால் அதுவும் வட்டிதான்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் ஜகாத் கணக்கை விட்டுவிட வேண்டாம். அதை வியாபாரப் பொருளாகக் கருதும் ஆலிம்களின் கருத்துப்படி, உங்கள் ஜகாத் வருடம் நிறைவாகும் நாளின் சந்தை விலையைப் பார்த்து இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டும், வாங்கிய விலையைப் பார்க்கக் கூடாது. உங்கள் பள்ளி இமாமிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம் என்றோ, இன்னும் நான்கு பேரைச் சேர்த்தால் கமிஷன் என்றோ சொல்பவரிடம் பணம் கொடுத்து ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான். பணம் அனுப்பிய எண், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.