நிரூபித்த பிறகுதான் நம்ப வேண்டுமா?

ஒரு கப்பல் முதலாளி. அவருடைய கப்பல் பழையது, பலமுறை பழுது பார்த்தது. கடல் கடந்து குடியேறப் போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு அது புறப்படத் தயாராக நிற்கிறது. இந்தப் பயணத்தைத் தாங்குமா என்ற சந்தேகம் அவருக்கு வருகிறது. செலவு செய்து சோதித்துப் பார்த்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. எத்தனையோ புயலைத் தாண்டிய கப்பல்தானே, இத்தனை ஏழைக் குடும்பங்களைக் கடவுள் கைவிடுவாரா என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார். சந்தேகம் மெல்ல அடங்குகிறது. கப்பல் பத்திரமானது என்று உண்மையாகவே நம்பத் தொடங்கிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்.

வில்லியம் கிங்டன் கிளிஃபர்டு 1877-இல் வெளியிட்ட 'நம்பிக்கையின் அறம்' என்ற கட்டுரை இந்தக் கதையோடுதான் தொடங்குகிறது. அவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கணிதப் பேராசிரியர். அடுத்த இரண்டு வருடங்களில், 33 வயதிலேயே இறந்துபோனார். போதிய சான்று இல்லாத ஒன்றை நம்புவது அறிவுக் குறைபாடு மட்டுமில்லை, ஒழுக்கக் கேடு என்பது அவர் வாதம். கப்பல் நல்லபடியாகக் கரை சேர்ந்திருந்தாலும் அந்த முதலாளி குற்றவாளிதான் என்கிறார். படிக்கும்போது மறுக்கத் தோன்றாது. கடவுள் நம்பிக்கை பற்றிப் பேச்சு எழும் இடமெல்லாம் 'ஆதாரத்தைக் காட்டு, பிறகு நம்பு' என்று ஒரு குரல் வருமே, அதற்குப் பின்னால் நிற்கும் அறவுணர்ச்சி இதுதான். அது நல்ல உணர்ச்சி. அதை இளக்காரமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இந்தக் குரலுக்கு இரண்டு வழக்கமான பதில்கள் இருந்தன. ஒன்று, இதோ ஆதாரம் என்று கடவுளை நிரூபிக்கக் கிளம்புவது. மற்றது, நம்பிக்கைக்கும் பகுத்தறிவுக்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்கிக்கொள்வது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆல்வின் பிளாண்டிங்கா மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டார். 'ஆதாரம் இருந்தால்தான் நம்பலாம்' என்ற இந்த விதி எங்கிருந்து வந்தது? அந்த விதிக்கு என்ன ஆதாரம்?

இது ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை.

இன்று காலை இட்லி சாப்பிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எப்படித் தெரியும்? நினைவிருக்கிறது. அந்த நினைவு சரியானது என்பதற்கு என்ன சான்று? கழுவி வைத்த தட்டைக் காட்டலாம். அந்தத் தட்டில்தான் சாப்பிட்டோம் என்பதும் நினைவுதானே! எந்தச் சான்றைக் காட்டினாலும் அதைச் சான்றாகப் புரிந்துகொள்ள நினைவின் தயவு வேண்டும். இந்த உலகமே, நம் பொய் நினைவுகளோடு சேர்த்து, ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் தோன்றியிருந்தால் என்ன என்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1921-இல் ஒரு நூலில் கேட்டார். அப்படி இல்லை என்று தர்க்கத்தால் நிறுவ முடியாது. ஆனாலும் அதற்காக யாரும் தன் குழந்தைப் பருவத்தைச் சந்தேகிப்பதில்லை. நினைவை நம்புகிறவரை மூடநம்பிக்கைக்காரர் என்று யாரும் சொல்வதுமில்லை.

பிளாண்டிங்காவின் முதல் முக்கிய நூல் 1967-இல் வந்தது. 'கடவுளும் பிற மனங்களும்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். எதிரில் இருப்பவர் பல்வலியில் துடிக்கிறார். அவர் முகத்தைப் பார்க்கிறோம், முனகலைக் கேட்கிறோம். வலியை நாம் பார்க்கவில்லை. நமக்கு வலித்தால் இப்படித்தான் முகம் கோணும், ஆகவே அவருக்கும் வலிக்கிறது என்று ஒப்புமையால் வாதிடலாம். தனக்குக் கிடைத்த ஒரே ஒரு மனதை வைத்துக்கொண்டு உலகத்தில் உள்ள எல்லோருக்கும் மனம் உண்டு என்று முடிவு கட்டுகிற வாதம் அது. எவ்வளவு பலவீனமானது, பாருங்கள். உலகத்தின் ஒழுங்கைக் காட்டி அதைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்று சொல்லும் பழைய வாதத்தில் என்ன ஓட்டை இருக்கிறதோ, ஏறக்குறைய அதே ஓட்டை இதிலும் இருக்கிறது என்று அந்த நூலில் அவர் பொறுமையாகக் காட்டுகிறார். வாதம் பலவீனமானது என்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரருக்கு மனம் இருக்கிறது என்று நம்புவது அறிவீனமாகிவிடுமா? ஆகாது என்றால், கடவுள் நம்பிக்கையை மட்டும் ஏன் வேறு அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதுதான் நூலின் முடிவு.

அவர் இதை எழுதிய காலத்தையும் சொல்ல வேண்டும். தத்துவ அறிஞர் ஏ. ஜே. அயர் 1936-இல் எழுதிய நூலுக்குப் பிறகு, ஆங்கிலம் பேசும் நாடுகளின் தத்துவத் துறைகளில் கடவுள் பற்றிய வாக்கியங்கள் பொய் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், பொருளே இல்லாதவை என்பார்கள். அந்தச் சூழலில் படித்தவர் பிளாண்டிங்கா. 1932-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் பிறந்தார். நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்துப் பகுதியை வேராகக் கொண்ட, கால்வின் என்ற சீர்திருத்த இறையியலாளரின் வழிவந்த கிறிஸ்தவக் குடும்பம். அப்பாவும் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். உதவித்தொகை கிடைத்து இளைஞராக ஹார்வர்டு போனபோது, கெட்டிக்காரர்கள் பலர் தன் நம்பிக்கையைப் பொருட்படுத்தவே இல்லை என்பதைப் பார்த்துக் கலங்கினார். ஒரு மழை இரவில் நூலகத்தைக் கடந்து அறைக்கு நடந்துகொண்டிருந்தபோது வானமே திறந்தது போன்ற ஓர் அனுபவம் தனக்கு நேர்ந்தது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். பிறகு வில்லியம் ஹாரி ஜெல்லிமா என்ற ஆசிரியரிடம் படிப்பதற்காக ஹார்வர்டை விட்டுவிட்டுச் சிறிய கால்வின் கல்லூரிக்கே திரும்பினார். யேலில் முனைவர் பட்டம், கால்வின் கல்லூரியில் 1963 முதல் 1982 வரை ஆசிரியப் பணி, அதன் பிறகு கத்தோலிக்கர்களின் நோட்டர் டேம் பல்கலைக்கழகம். 2017-இல் டெம்பிள்டன் பரிசு.

மையமான வாதத்துக்கு வருவோம். நம் நம்பிக்கைகளைப் பலர் ஒரு கட்டடம் போலக் கற்பனை செய்தார்கள். கீழ்த்தளங்கள் மேல்தளங்களைத் தாங்கி நிற்கின்றன, கடைசியில் ஓர் அஸ்திவாரம். அந்த அஸ்திவாரத்தில் எதை வைக்கலாம்? இரண்டும் ஒன்றும் மூன்று என்பது போலப் பார்த்த உடனே விளங்குபவை, எனக்கு வலிக்கிறது என்பது போல நான் தவறவே முடியாதவை, கண்ணும் காதும் நேரே காட்டுபவை. இவற்றைத் தவிர மற்ற எல்லாம் இவற்றிலிருந்து வாதம் மூலமாக வர வேண்டும். வராவிட்டால் அதை ஏற்பது பகுத்தறிவுக்கு விரோதம். இந்தக் கோட்பாட்டை அடித்தளவாதம் என்கிறார்கள்.

1983-இல் நிக்கோலஸ் வோல்டர்ஸ்டார்ஃபோடு சேர்ந்து தொகுத்த 'நம்பிக்கையும் பகுத்தறிவும்' என்ற நூலில் பிளாண்டிங்கா இந்தக் கோட்பாட்டைத் திருப்பி அதன் மீதே வைத்துப் பார்க்கிறார். 'இந்த மூன்று வகைதான் அஸ்திவாரத்தில் இருக்கலாம்' என்ற வாக்கியம் பார்த்த உடனே விளங்குகிறதா? இல்லை. தவறவே முடியாத அகவுணர்வா? இல்லை. கண்ணுக்குத் தெரிகிறதா? அதுவும் இல்லை. இந்த மூன்றிலிருந்து யாராவது அதை வாதித்து வருவித்துக் காட்டினார்களா? அதுவும் நடக்கவில்லை. ஆக, கோட்பாடு சொல்கிறபடியே பார்த்தால் அந்தக் கோட்பாட்டை நம்புவதுதான் பகுத்தறிவுக்கு விரோதம். எத்தனை முறை படித்தாலும் இந்த இடம் எனக்கு அலுப்பதில்லை. எதிராளியின் அளவுகோலைக் குறை சொல்லாமல், வெளியிலிருந்து ஒரு சொல்லும் கொண்டுவராமல், அதைக் கொண்டே அதை அளந்து காட்டுகிறார்.

அந்த வேலி விழுந்த பிறகு அவர் சொல்வது இதுதான்: நினைவும் பிறர் மனமும் போலவே கடவுள் நம்பிக்கையும் வாதத்தின் முடிவாக இல்லாமல் நேரடியாகவே ஒருவருக்கு இருக்கலாம். நள்ளிரவில் வானத்தைப் பார்க்கும்போது, ஒரு குற்றம் செய்துவிட்டு மனம் உறுத்தும்போது, காரணம் தெரியாமல் நன்றி பெருகும்போது அது எழுகிறது. கால்வின் இதற்காக மனிதருக்குள் இயல்பாகவே ஓர் உணர்வு வைக்கப்பட்டிருக்கிறது என்றார். பிளாண்டிங்கா அந்தக் கருத்தை எடுத்துக்கொள்கிறார்.

உடனே உங்களுக்கு ஒரு கேள்வி எழும். அவருக்கும் எழுந்தது, அதே நூலில் அவரே எழுப்புகிறார். சார்லஸ் ஷுல்ஸின் 'பீநட்ஸ்' சித்திரக் கதையில் லைனஸ் என்ற சிறுவன் ஒவ்வொரு ஹாலோவீன் இரவும் பூசணித் தோட்டத்தில் 'மாபெரும் பூசணி' வருமென்று காத்திருப்பான். அதையும் அடிப்படை நம்பிக்கை என்று சொல்லிவிடலாமா? ஒரு தவறான விதியை நிராகரித்ததால் எதையும் ஏற்க வேண்டும் என்றாகாது என்பது அவர் பதில். சரியான விதியை மேலிருந்து ஆணையாக இறக்க முடியாது, தெளிவான உதாரணங்களைச் சேர்த்துப் பார்த்துக் கீழிருந்துதான் அதை எட்ட முடியும் என்கிறார். எந்த உதாரணங்கள் தெளிவானவை என்பதில் நாத்திகரும் ஆத்திகரும் உடன்பட மாட்டார்களே என்றால், ஆமாம், மாட்டார்கள் என்று ஒத்துக்கொள்கிறார். எனக்கு இந்தப் பதில் பாதி நிறைவுதான் தருகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடிப்படை நம்பிக்கை என்றால் கேள்விக்கு அப்பாற்பட்டது என்று பொருளில்லை. தூரத்தில் ஆடு நிற்பதைப் பார்க்கிறேன், நம்புகிறேன். அது நாய் என்று அந்த நிலத்துக்காரர் சொன்னால் நம்பிக்கையை விட வேண்டும், அல்லது அவர் சொல்வது ஏன் தவறு என்று காட்ட வேண்டும். எதிர்ச் சான்று வந்த பிறகு காதைப் பொத்திக்கொள்ளக் கூடாது. இந்த வெளிச்சத்தில் கிளிஃபர்டின் கப்பல் முதலாளியைத் திரும்பப் பாருங்கள். அவர் செய்த பாவம் சான்றில்லாமல் நம்பியதா? பழைய பலகைகளும் பழுதுகளும் கண்முன்னே இருக்க, எழுந்த சந்தேகத்தை அமுக்கியதுதானே? கிளிஃபர்டின் கோபம் நியாயமானது. அதிலிருந்து அவர் செய்த விதி அந்தக் கோபத்தைவிட மிகப் பெரியதாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

கடவுள் நம்பிக்கைக்கு எதிரே நிற்கும் மிகப் பெரிய எதிர்ச் சான்று துன்பம். தத்துவ அறிஞர் ஜே. எல். மேக்கி 1955-இல் இதைக் கூர்மையாக முன்வைத்தார். கடவுள் எல்லாம் வல்லவர், முழு நல்லவர், ஆனாலும் தீமை இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது, ஆகவே ஆத்திகம் உள்முரண் என்றார். எல்லோரும் சுயவிருப்பத்தோடு எப்போதும் நல்லதையே செய்யும் உலகத்தைக் கடவுள் ஏன் படைக்கவில்லை? தர்க்கப்படி அது சாத்தியமான உலகம்தானே?

பிளாண்டிங்கா 1974-இல் வெளியிட்ட நூல்களில் இதற்கு விடை சொன்னார். பாஸ்டன் நகர மேயர் ஒருவரைக் கற்பனை செய்கிறார். நெடுஞ்சாலை அதிகாரி கொடுக்கும் 35,000 டாலர் லஞ்சத்தை வாங்கிக்கொள்கிறார் மேயர். 20,000 கொடுத்திருந்தாலே போதுமோ என்று அதிகாரிக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்த 20,000-ஐயும் மேயர் சுயவிருப்பத்தோடு வாங்கியிருப்பார் என்பது உண்மையாக இருந்தால்? அவர் மறுக்கும் உலகம் தர்க்கப்படி சாத்தியம். ஆனால் கடவுள் தனியாக அதை உண்டாக்க முடியாது. மறுக்க வைத்தால் அது மேயரின் சுயவிருப்பமாகாது. சுயமாக விட்டால் அவர் வாங்கிவிடுவார். அந்த உலகம் உருவாவதில் மேயருக்கும் பங்கு இருக்கிறது. எல்லா மனிதர்களும் ஏதோ ஒரு இடத்தில் இப்படித் தவறுகிறவர்களாக இருக்கக்கூடும் என்றால், தீமையே இல்லாத, சுயவிருப்பம் உள்ள உலகம் எல்லாம் வல்லவருக்கும் எட்டாமல் போகலாம். உண்மையில் இப்படித்தான் என்று அவர் சொல்லவில்லை. இப்படி இருக்கலாம் என்றாலே முரண்பாடு என்ற குற்றச்சாட்டு விழுந்துவிடும். மேக்கியே 1982-இல் வந்த தன் கடைசி நூலில், தீமை ஆத்திகத்தின் மையக் கருத்துகளை ஒன்றோடொன்று முரண்பட வைக்கிறது என்று நிறுவப்படவில்லை என ஒப்புக்கொண்டார். தத்துவத்தில் இப்படி நடப்பது அபூர்வம்.

இதனால் துன்பத்தின் கேள்வி தீர்ந்துவிடவில்லை. காட்டுத்தீயில் கருகி, யாரும் பார்க்காமல் நாள்கணக்கில் துடித்துச் சாகும் ஒரு மான்குட்டியை 1979-இல் வில்லியம் ரோ என்ற தத்துவ அறிஞர் முன்வைத்தார். முரண்பாடு இல்லாமல் இருக்கலாம், ஆனால் இப்படிப்பட்ட துன்பம் கடவுள் இல்லை என்பதற்கு வலுவான சான்று ஆகாதா என்றார். மானின் துடிப்பில் மனிதரின் சுயவிருப்பத்துக்கு இடமே இல்லை. மனிதரல்லாத சுதந்திர ஆவிகளின் செயலாக இயற்கைத் துன்பம் இருக்கலாம் என்கிறார் பிளாண்டிங்கா. தர்க்கத்துக்கு அது போதும், மனதுக்குப் போதாது. தன் குழந்தையைப் பறிகொடுத்தவருக்கு இந்த வாதங்கள் ஆறுதல் தராது, அவருக்கு வேண்டியது தத்துவம் அல்ல, ஆன்மிகத் துணை என்று பிளாண்டிங்காவே எழுதியிருப்பதை நான் மதிக்கிறேன்.

கடைசியாக ஒரு படி. வெறும் நம்பிக்கை எப்போது அறிவாகிறது? 1960-களின் தொடக்கத்தில் வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிளாண்டிங்காவின் சகாவாக இருந்தவர் எட்மண்ட் கெட்டியர். நியாயமான காரணத்தோடு நம்பப்படும் உண்மைகூடச் சில சமயம் அறிவாகாது என்று 1963-இல் மூன்றே பக்கத்தில் காட்டியவர். பிளாண்டிங்கா சொன்ன பதில்: மனதின் திறன்கள் பழுதில்லாமல், அவற்றுக்கு ஏற்ற சூழலில், உண்மையை நோக்கி அமைந்த திட்டப்படி, அந்த இலக்கில் வெற்றி பெறும் விதமாக வேலை செய்து தரும் நம்பிக்கையே அறிவு. வேற்றுக்கிரகத்தில் கண்ணுக்குத் தெரியாத யானைகளின் கதிர்வீச்சு பட்டு, பக்கத்தில் எக்காளம் ஊதுகிறார்கள் என்று நமக்குத் தோன்றினால், மூளையில் பழுதில்லை. சூழல்தான் பொருந்தவில்லை.

இதைக் கடவுள் நம்பிக்கைக்குப் பொருத்திப் பாருங்கள். அது ஆசையின் விளைவு என்று ஃபிராய்டு 1927-இல் எழுதினார். கடவுள் இல்லை என்றால் அது சரியாக இருக்கலாம். இருக்கிறார் என்றால், தன்னை அறிவதற்காக அவரே அந்தத் திறனை வைத்திருக்கலாம், அப்போது அந்த நம்பிக்கை அறிவாகவே இருக்கும். ஆகவே 'உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது, ஆனால் நம்புவது பகுத்தறிவுக்கு ஒவ்வாதது' என்று தள்ளி நின்று சொல்ல முடியாது. உண்மையா என்ற கேள்விக்குள் இறங்கியே ஆக வேண்டும். 2000-இல் வந்த பெரிய நூலைப் பிளாண்டிங்கா இந்த இடத்தில்தான் முடிக்கிறார். அது உண்மையா என்று தீர்ப்பது தத்துவத்தின் திறனுக்கு அப்பாற்பட்டது, தனக்குத் தனிப்பட்ட முறையில் உண்மை என்று தோன்றுகிறது என்கிறார்.

இஸ்லாமியரும் யூதரும் இந்து மதப் பிரிவுகள் சிலவும் இதே வாதத்தைத் தமக்குச் சொல்லிக்கொள்ளலாம். பிளாண்டிங்கா அதை மறுக்கவில்லை. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு மதத்தவரும் பகுத்தறிவுள்ளவர்கள் என்றே அவர் கோட்பாடு சொல்லும், ஆனால் அவர்கள் ஒருவரோடொருவர் என்ன பேசிக்கொள்வது என்று சொல்லாது. அங்கே வாதங்கள் மறுபடி தேவைப்படுகின்றன. நம்புவதற்கு வாதம் வேண்டாம் என்று இத்தனை வாதாடிய இதே மனிதர் 1986-இல் கடவுள் இருப்புக்கு ஏறக்குறைய இரண்டு டஜன் வாதங்களைக் குறிப்புகளாக அடுக்கி ஓர் உரை நிகழ்த்தினார். எண்கள், கணங்கள், ஒழுக்கம், இசை என்று எங்கெங்கிருந்தோ எடுத்த வாதங்கள், பலவும் அரைகுறையாக நிற்பவை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விரித்து எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு ஒன்றை 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது.