பேட்டரி மேல் பழி போடுமுன்

கடலூர் முதுநகர் துறைமுகம். விடியற்காலை நாலரை மணி. மீனும் ஐஸும் ஏற்றியாயிற்று. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹெட்லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் சுற்ற மறுக்கிறது. நாலு பேர் சேர்ந்து தள்ளி வண்டியைக் கிளப்பினார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணனின் பழைய குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியின் கதை இது. பதினான்கு மாதத்தில் மூன்று பேட்டரி மாற்றிவிட்டார். ஒவ்வொரு தடவையும் கடையில் ஒரே பதில்: “பேட்டரி போயிடுச்சுண்ணே, மாத்திடலாம்.” மாற்றியதும் சில வாரம் நன்றாக ஓடும், மறுபடி அதே ‘டிக்’. கடைசியில் சிதம்பரத்தில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் பேட்டரியைக் கழற்றவே இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும், மறுமுனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்தார். “இப்ப செல்ஃப் அடி தம்பி” என்றார். மீட்டர் 2.8 வோல்ட் காட்டியது. எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றினார். உள்ளே பச்சைப் பச்சையாய்க் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வாஷர் வைத்து இறுக்கினார். ஒரே அடியில் வண்டி பிடித்தது.

மூன்று பேட்டரிக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். ஒன்றுக்குக்கூட அண்ணன் பில் வாங்கவில்லை.

பேட்டரி கடைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பலர் அளந்து பார்ப்பதில்லை, அதுதான் குறை. ஆனால் அளக்காததற்கான விலையைக் கொடுப்பது அன்றாடம் ஓடினால்தான் சோறு என்றிருக்கும் வண்டிக்காரர். அதனால் அவர் கையில் இரண்டு சாமான் இருந்தாக வேண்டும்: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர், பில்களைப் போட்டு வைக்க ஒரு பிளாஸ்டிக் கவர்.

லைட் எரியும்போது செல்ஃப் மட்டும் ஏன் சுற்றவில்லை? இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர்தான் இழுக்கும். செல்ஃப் மோட்டாருக்கோ 150 ஆம்பியருக்கு மேலேயே வேண்டும். எர்த் போல்ட்டில் களிம்பேறி வெறும் 0.02 ஓம் தடை உண்டானதாக வைத்துக்கொள்வோம். லைட்டுக்கு அங்கே 0.2 வோல்ட்தான் குறையும், கண்ணுக்கே தெரியாது. செல்ஃபுக்கு 3 வோல்ட் அந்த போல்ட்டிலேயே கரைந்துவிடும். 12 வோல்ட் மோட்டார் 9 வோல்ட்டில் திணறும். புது பேட்டரி போட்டதும் கொஞ்ச நாள் ஓடுவது அதன் முழுப் பலத்தால். டெர்மினலைச் சுத்தம் செய்து இறுக்கியதும் ஒரு காரணம். நோய் அப்படியே இருக்கும்.

எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டின் மேல். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒற்றை எர்த் ஒயர்தான் செல்ஃப் இழுக்கும் மின்சாரம் திரும்பி வரும் வழி. நம் கரையில் அதற்கு எதிரி உப்பு. கடல் காற்று ஒருபுறம். மீன் பெட்டியிலிருந்து சொட்டும் உப்பும் ஐஸும் கலந்த நீர் இன்னொருபுறம், தளத்து இடுக்கு வழியே இறங்கி சேஸிஸ் ஒயரிங்கை நனைத்துக்கொண்டே இருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பற்றியிருக்கும் ஆணவ மலத்துக்குச் செம்பில் ஏறும் களிம்பைத்தான் உவமையாகச் சொல்வார்கள். தில்லையை ஒட்டிய கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாச்சாரியாரின் மரபு அது. வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, செம்போடு கூடவே இருப்பது என்பது அந்த உவமையின் கருத்து. ஒயரை உரித்துப் பார்த்தவர்களுக்கு அது நன்றாகவே புரியும். மேலுறை பளபளவென்று இருக்கும், உள்ளே செம்பு ஒரு சாண் நீளத்துக்குப் பச்சையாகிப் போயிருக்கும்.

இனி நீங்களே அளக்கலாம். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். அதற்குக் குறைந்தால் டைனமோ, பெல்ட், ரெகுலேட்டர் இவற்றைப் பாருங்கள். அந்த நிலையில் புது பேட்டரி போட்டால் அதுவும் படுத்துவிடும். மேலே சொன்ன எர்த் சோதனையில் அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் குற்றவாளி அங்கேதான். அதே மாதிரி பேட்டரி பிளஸ்ஸுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த ஒயர் போல்ட்டுக்கும் நடுவிலும் அளந்துவிடுங்கள். மீட்டர் வைக்கிறவர் ஒருவர், சாவி திருப்புகிறவர் இன்னொருவர். கியர் நியூட்ரலில், கைபிரேக் இழுத்திருக்க வேண்டும்.

பின் விளக்கு காட்டும் கூத்தும் இந்த வகைதான். இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து மினுக்கும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். டெயில் லேம்பின் எர்த் அறுந்து, மின்சாரம் பக்கத்து பல்பு வழியே திரும்பப் பார்க்கிறது. இரவில் கடலூர்–சிதம்பரம் சாலையில் இப்படி ஒரு வண்டி முன்னால் போனால், அது நிற்கப்போகிறதா திரும்பப்போகிறதா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். அந்த ஒரு நாளைக்கு மட்டும் விளக்கை ஒப்பேற்றிக் கொண்டுபோவது நம் வீட்டுப் பிள்ளை ஓட்டும் வண்டிக்கு நாமே செய்யும் துரோகம்.

பியூஸ் விஷயத்தில் நான் கெஞ்சியே கேட்கிறேன். 15 ஆம்பியர் நீல பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் சிலர் 30 ஆம்பியர் பச்சையைச் சொருகுகிறார்கள், சிலர் செம்புக் கம்பியைச் சுற்றுகிறார்கள். பியூஸ் எரிந்திருக்க வேண்டிய இடத்தில் அப்புறம் ஒயர் எரியும். 55/60 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100 வாட் பல்பு போடுவதும் அப்படித்தான். 10 ஆம்பியருக்குச் செய்த சுவிட்ச் 17 ஆம்பியரைத் தாங்காது, உருகும். வெளிச்சம் போதவில்லை என்றால் ரிலேயும் தனி பியூஸும் வைத்து பேட்டரியிலிருந்து நேராக லைன் இழுக்கச் சொல்லுங்கள். உள்ளதுபோல 55/60 பல்பை வைத்துக்கொண்டாலே வித்தியாசம் தெரியும்.

பேட்டரியைக் கழற்றும்போது மைனஸை முதலில் எடுங்கள், பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும். பீடியோடு குனிந்து பார்ப்பவரை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வெள்ளம். 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 மழை, 2024 நவம்பர் 30 இரவு கரையேறிய ஃபெஞ்சல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று இந்த மாவட்டம் பார்க்காததில்லை. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. மைனஸைக் கழற்றி, நீர் நின்ற உயரம் தெரியும்படி படம் எடுத்து, உடனே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் உங்கள் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது. முழு பாலிசியில் வெள்ளம், புயல், தீ, தானாகப் பற்றிக்கொள்வது எல்லாம் அடங்கும். சாதாரண மின்பழுது அடங்காது. மூழ்கிய எஞ்சினை அடித்துப் பார்த்துக் கெடுத்துக்கொண்டால் அதைத் தனிச் சேதம் என்று சொல்லித் தள்ளப் பார்ப்பார்கள். கோரிக்கையை மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், செலவில்லை.

இப்போது அந்தப் பிளாஸ்டிக் கவருக்கு வருகிறேன். பில் தர மறுப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வாரண்டி கார்டில் தேதியும் கடை முத்திரையும் விழுந்திருக்கிறதா, பேட்டரியின் எண் கார்டில் உள்ள எண்தானா என்று கடையிலேயே பாருங்கள். மாற்றிய உதிரிபாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய பேட்டரியைக் கொடுத்தால் அதன் ஈய மதிப்பைக் கழித்துக்கொண்டதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

“இது கமர்ஷியல் வண்டி, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது” என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். தன் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் சுயதொழிலுக்கு மட்டும் வாங்கிய பொருளை வணிக நோக்கம் என்று சட்டம் கொள்வதில்லை. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி என்ஜினியரிங் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. வழக்குப் போட்ட தொழிற்கூடம் நுகர்வோர் அல்ல என்று தீர்ந்தது உண்மைதான். ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கியவர் நுகர்வோர்தான் என்று அந்தத் தீர்ப்பு உதாரணத்தோடு சொல்கிறது. பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

முதலில் 1915-க்கு அழையுங்கள், கட்டணமில்லா தேசிய எண். பல புகார்கள் அங்கேயே பேசி முடிகின்றன. முடியாவிட்டால் கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். பேட்டரியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும் சிதம்பரத்தில் குடியிருக்கிறவர் கடலூரில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆகவே பழுதான பேட்டரியை அவசரப்பட்டு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அண்ணனின் வண்டியில் இப்போது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் அந்தக் கவர் தொங்குகிறது. எர்த் போல்ட்டில் கிரீஸ் தடவியிருக்கிறார். ஞாயிறுதோறும் மீன் வேலை முடிந்ததும் சேஸிஸை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, மீட்டரை வைத்துப் பார்த்து, ஒரு பழைய டைரியில் தேதியும் வோல்ட்டும் எழுதுகிறார். போன வாரம் எழுதியது 12.5.