செவுத்துல கிறுக்குற பசங்க... திட்டினா மட்டும் போதுமா?

தர்மபுரி:

பள்ளிக்கூட கழிப்பறை, பஸ் நிறுத்த நிழற்குடை, பாலத்து தூண், ஒகேனக்கல் பாறை... எங்க பார்த்தாலும் பேரு. பேருக்கு பக்கத்துல இதயம், அம்பு. சில இடத்துல வாத்தியாருக்கு பட்டப்பேரு. இன்னும் சில இடத்துல சாதிப் பேரு.

"இந்தக் காலத்து பசங்களே இப்படித்தான்" என்று திட்டிவிட்டு போய்விடுகிறோம். ஆனால் சுவரில் எழுதுவது இந்தக் காலத்து பசங்க கண்டுபிடித்த பழக்கம் இல்லை. பசங்களுக்கு நல்லதையும் கெட்டதையும் சொல்லிக் கொடுப்பதில் சுவருக்கும் பங்கு இருக்கிறது. இது பற்றிய விவரம் வருமாறு:-

புத்தகத்துக்கு அடுத்தது சுவர்

2011 மக்கள் தொகை கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே படிப்பறிவு குறைவான மாவட்டம் தர்மபுரி. மாநில அளவில் 80 சதவீதம் இருந்தபோது இங்கே 68.5 சதவீதம்தான்.

பல வீடுகளில் பள்ளிக்கூடம் போகும் முதல் தலைமுறையே இப்போது படிக்கிற பிள்ளைகள்தான். அப்பா பெங்களூரில் கட்டிட வேலை, அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனி, பிள்ளை பாட்டி வீட்டில் என்று இருக்கும் குடும்பங்கள் நிறைய. அந்த வீட்டில் பாடப்புத்தகத்தை விட்டால் வேறு புத்தகம் இருக்காது.

அப்படிப்பட்ட பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிப்பது எதை? வழியில் இருக்கும் சிமெண்ட் விளம்பரம், கட்சி சின்னம், சினிமா போஸ்டர், காதுகுத்து பிளக்ஸ் இதைத்தான். தினமும் 2 வேளை அதே வழி, அதே சுவர். அதனால் அங்கே என்ன எழுதியிருக்கு என்பது சின்ன விஷயம் இல்லை.

நடுகல்லும் ஒரு வகை தெரு ஓவியம்தான்

தமிழ்நாட்டில் நடுகற்கள் அதிகம் கிடைத்த பகுதிகளில் தர்மபுரியும் ஒன்று. ஆடுமாடுகளை மீட்கப் போய் சண்டையில் செத்த வீரனை, வில்லும் கத்தியுமாக கல்லில் செதுக்கி ஊர் பார்க்கிற இடத்தில் நட்டு வைத்தார்கள். பக்கத்திலேயே எந்த ராஜா காலம், யார் செத்தது, எதற்காக என்று வட்டெழுத்தில் வெட்டினார்கள். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்துக்கு போனால் இப்போதும் பார்க்கலாம்.

அதற்கும் முந்தியது பாறை ஓவியம். பழைய தர்மபுரி மாவட்டத்தில் இருந்து 2004-ல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறையில் வெள்ளை நிறத்தில் வரைந்த உருவங்கள் இருக்கின்றன.

ஆக, நாலு பேர் பார்க்கிற இடத்தில் வரையணும், எழுதணும் என்கிற ஆசை மனுசனுக்கு ஆதியில் இருந்தே உண்டு. 15 வயசு பையனுக்கு அது இன்னும் கொஞ்சம் அதிகம். "நானும் இருக்கேன்" என்று சொல்ல அவனுக்கு ஒரு இடம் வேண்டும். இடம் கொடுக்காவிட்டால் அவனே எடுத்துக்கொள்வான்.

ஒருத்தன் எழுதினான், ஊரே எழுதியது

ஒரு கிறுக்கல் எப்படி பரவும் என்பதற்கு நியூயார்க் நகரம் உதாரணம். அங்கே தபால் பட்டுவாடா மாதிரி வேலை பார்த்த ஒரு வாலிபன், போகிற இடம் எல்லாம் "டாக்கி 183" என்று எழுதி வைத்தான். 183 என்பது அவன் இருந்த தெருவின் நம்பர். 1971-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அதை செய்தியாக போட்டது. அவ்வளவுதான், அவனைப் பார்த்து ஏராளமான பசங்க கிளம்பிவிட்டார்கள். சுரங்க ரெயில் பெட்டிகள் முழுக்க பெயிண்ட் மயம். அதை ஒழித்துக்கட்ட 1989 வரை ஆனது.

நம்ம ஊரு மாணவர்களும் சளைத்தவர்கள் இல்லை. 1965 இந்தி எதிர்ப்பு போராட்டத்தில் தார் டப்பாவோடு போய் ரெயில் நிலையத்தில் இந்தி எழுத்தை அழித்ததில் மாணவர்கள் முன்னால் நின்றார்கள். 2 வருசத்தில், 1967-ல் ஆட்சியே மாறியது.

சிரியா நாட்டில் நடந்தது கொடுமை. 2011-ல் டெரா என்ற ஊரில் ஆட்சிக்கு எதிராக பள்ளிக்கூட சுவரில் எழுதிய சிறுவர்களை பிடித்துப் போய் சித்ரவதை செய்தார்கள். பெற்றவர்கள் தெருவுக்கு வந்தார்கள். போராட்டம் உள்நாட்டுப் போராக மாறி பல லட்சம் உயிர்களை வாங்கியது. 2024 டிசம்பரில்தான் அந்த ஆட்சி விழுந்தது.

சாதிப் பேரு விளையாட்டு இல்லை

இதயமும் அம்பும் வரைவதை சிரித்துவிட்டு விடலாம். சாதிப் பேரை அப்படி விட முடியாது.

2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பகுதியில் 3 காலனிகளில் 200-க்கும் அதிகமான வீடுகள் தீக்கு இரையானதை மாவட்டம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் பெஞ்சிலும் சுவரிலும் சாதிப் பேரை ஒருத்தன் எழுதினால், அதைப் பார்த்து இன்னொருத்தன் தன் சாதியை எழுதுவான். அப்புறம் கைகலப்பு. பாதிக்கப்படுவது படிப்பு.

நாங்குநேரியில் 2023-ல் பள்ளி மாணவர் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கலர் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் மாணவர்களுக்கு கூடாது என்று அதில் சொன்னது. கையில் கட்டுகிற கயிறுக்கு சொன்னது சுவருக்கும் பொருந்தும். சாதி எழுத்தைப் பார்த்தால் அன்றைக்கே அழித்துவிட வேண்டும். நாளைக்கு என்று விட்டால் பதில் எழுத்து வந்துவிடும்.

சட்டம் என்ன சொல்லுது?

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதை தடுக்க தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. மீறினால் அபராதமும் உண்டு, சிறையும் உண்டு.

மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் கோவில், கோட்டை, கல்வெட்டு ஆகியவற்றில் பேரைக் கீறினால் இன்னும் சிக்கல். 2 வருசம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். பள்ளிச் சுவரில் கரியால் எழுதினால் வெள்ளையடித்து மறைக்கலாம். பழைய கல்வெட்டில் ஆணியால் கீறினால் அதை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. சுற்றுலா போகும் முன்பே பசங்களிடம் இதை சொல்லி வைப்பது நல்லது.

செவுரு கொடுத்தாங்க, படிச்சாங்க

சுவரை நல்லதுக்கு பயன்படுத்தியதற்கும் உதாரணம் இருக்கிறது. அரசு தொடக்கப் பள்ளிகளில் 2007-ல் செயல்வழிக் கற்றல் முறை வந்தபோது, வகுப்பறை சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் உயரத்துக்கு கரும்பலகை அடித்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி இடம். "செவுத்துல எழுதாதே" என்று கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் "இது உன் செவுரு, எழுது" என்றார்கள்.

1990-களின் கடைசியில் தர்மபுரி மாவட்டத்தில் பெண் சிசுக்கொலையை எதிர்த்து கலைப்பயணம் நடந்தது. டேனிடா சுகாதார திட்டத்தில் வீதி நாடக குழுக்கள் ஊர் ஊராகப் போய் தெருவிலேயே நடித்துக் காட்டின. 2001-ல் இந்த மாவட்டத்தில் 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். 2011-ல் அது 900-ஐ தாண்டியது. தொட்டில் குழந்தை திட்டம், சட்ட நடவடிக்கை என்று பல காரணம் இருந்தாலும், தெருவில் சொன்ன சேதிக்கும் அதில் பங்கு உண்டு.

சென்னை கண்ணகி நகர் இன்னொரு உதாரணம். குடிசைகளை காலி செய்து கொண்டுவந்து குடியமர்த்திய இடம். அந்த முகவரியை சொன்னாலே வேலை கொடுக்க யோசித்த காலம் உண்டு. 2020-ல் அந்த அடுக்குமாடி சுவர்களில் ஓவியர்கள் பிரமாண்ட படங்களை வரைந்தார்கள். அதுவரை போலீஸ் செய்தியில் மட்டும் அடிபட்ட பேரு, ஓவியம் பார்க்க வெளியூர் ஆட்கள் தேடி வருகிற பேராக மாறியது.

நம்ம ஊர்ல என்ன செய்யலாம்?

இதற்கு பெரிய செலவு ஒன்றும் இல்லை. எல்லா அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோர்தான் அதிகம். அங்கே ஒரு சுவரை மட்டும் மாணவர்களுக்கு என்று கேட்டு வாங்கலாம்.

பாதிச் சுவருக்கு கரும்பலகை பெயிண்ட், பாதிக்கு சுண்ணாம்பு. கரும்பலகையில் யார் வேண்டுமானாலும் சாக்பீசால் எழுதலாம், வாரம் ஒரு தடவை அழித்துவிடலாம். சாதி கூடாது, யாரையும் கேவலப்படுத்தக் கூடாது, இவ்வளவுதான் விதி. அந்த விதியையும் மாணவர்களே எழுதி வைத்தால் மதிப்பு அதிகம்.

சுண்ணாம்பு அடித்த பக்கத்தில் படம் வரைய நம்ம ஊரு பெயிண்டர் அண்ணனைக் கூப்பிடலாம். பிளக்ஸ் வந்த பிறகு வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் கைதேர்ந்த ஆட்கள் ஊருக்கு ஒருத்தராவது இருப்பார்கள். அவர் கோடு போட்டுக் கொடுத்தால் பசங்க கலர் அடிப்பார்கள். அப்படி தேறும் பிள்ளைக்கு, 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவும் இருக்கிறது.

தான் வரைந்த சுவரில் இன்னொருத்தன் கிறுக்க வந்தால், "டேய், அது நான் போட்டதுடா" என்று தடுக்கப் போவதும் அந்தப் பையன்தான். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு போகிற பெற்றோர், ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே.