இறக்குமதியால் போன வேலைக்கு என்ன ஈடு?

வெளிநாட்டுச் சரக்கு வந்து குவிந்ததால்தான் வேலை போனது என்று காட்ட முடிந்தால், அந்தத் தொழிலாளிக்குப் படிப்புச் செலவும் வாரப்படியும் தந்த சட்டம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. 'வர்த்தகச் சீரமைப்பு உதவி' என்று பெயர். விண்ணப்பிக்க வக்கீல் தேவைப்படவில்லை. ஒரே ஆலையைச் சேர்ந்த மூன்று பேர் கையெழுத்துப் போட்டாலே போதுமாக இருந்தது.

விண்ணப்பம் வாஷிங்டனில் உள்ள தொழிலாளர் துறைக்குப் போகும். அங்கே ஓர் அதிகாரி ஆலையின் கணக்கைக் கேட்டு வாங்குவார்: விற்பனை எவ்வளவு சரிந்தது, உற்பத்தி எவ்வளவு, எத்தனை பேரை நிறுத்தினார்கள்? அந்த ஆலையிடம் வழக்கமாகக் கொள்முதல் செய்தவர்களுக்கும் கேள்வித்தாள் போகும். 'இவர்களிடம் வாங்குவதைக் குறைத்துக்கொண்டு இறக்குமதிச் சரக்குக்கு மாறினீர்களா?' ஆமாம் என்று பதில் வந்தால் சான்றிதழ் கிடைக்கும். முடிவு சொல்ல 40 நாள் கெடு. சான்றிதழ் தனி ஆளுக்கு அல்ல, அந்த ஆலையில் வேலையிழந்த கூட்டம் முழுவதற்கும்.

அதே ஆலையில் புது இயந்திரம் வந்து ஆட்களை வெளியே தள்ளியிருந்தால் இந்த உதவி கிடையாது. திட்டத்தின் அடிப்படைக் கோளாறு இங்கேதான் இருந்தது என்பேன். வேலை எதனால் போனாலும் வீட்டுக் கடன் தவணை ஒன்றுதானே?

இப்படி ஒரு நிபந்தனை வந்ததற்குக் காரணம் அரசியல். 1962-இல் அதிபர் கென்னடி இறக்குமதி வரிகளைக் குறைக்க நாடாளுமன்றத்திடம் அதிகாரம் கேட்டார். தொழிற்சங்கங்களின் ஆதரவு தேவைப்பட்டது. அதற்காகச் சேர்த்ததுதான் இந்த உதவி. ஆனால் வரிக்குறைப்பே வேலையிழப்புக்கு முதன்மைக் காரணம் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். விளைவு, 1969 நவம்பர் வரை ஒரு மனுகூடத் தேறவில்லை. 1974-இல் விதியைத் தளர்த்தினார்கள். 1981-இல் ரீகன் ஆட்சி செலவை வெட்டியது. சங்கத் தலைவர்கள் இந்த உதவிக்கு 'ஈமச்செலவுக் காப்பீடு' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

நடைமுறையில் எப்படி இருந்தது என்று அறிய வட கரோலினா மாநிலத்தின் கன்னாபொலிஸைப் பார்க்கலாம். 'கேனன்' துண்டுகளால் பேர் பெற்ற, ஆலைக்காரர்களே உருவாக்கிய ஊர் அது. 1984 வரை நகராட்சிகூடக் கிடையாது. கடைசியில் ஆலைகள் பில்லோடெக்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்தன. 2003 ஜூலை 30 அன்று அந்த நிறுவனம் 16 ஆலைகளை மூடியது. வேலையிழந்தவர்கள் சுமார் 6,450 பேர். அதில் 4,000 பேருக்கு மேல் கன்னாபொலிஸ் வட்டாரத்தினர். அந்த மாநிலத்தில் ஒரே நாளில் அத்தனை பேர் வேலையிழந்தது அதற்கு முன் நடந்ததில்லை. (அமெரிக்கச் சந்தைக்குத் துண்டும் விரிப்பும் அனுப்புகிற ஊர்களில் நம் கரூரும் ஒன்று என்பதை மறக்க வேண்டாம்.)

சான்றிதழ் கிடைத்தது. வேலையில்லாக் காலத்துக்கான வழக்கமான உதவித்தொகை தீர்ந்தபின், படிப்பில் இருக்கும்வரை வாரப்படி உண்டு. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு. பள்ளிப்படிப்பையே முடிக்காதவர்களுக்கு மேலும் 26 வாரம். கன்னாபொலிஸில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். பதினெட்டு வயதுக்கு முன்பே தறிக்கூடத்துக்குள் போனவர்கள் ஐம்பது வயதில் பின்னம், தசமம் கற்க உட்கார்ந்தார்கள். அதற்கும் ஒரு கெடு: வேலை போய் 16 வாரம் அல்லது சான்றிதழ் வந்து 8 வாரம், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் சேர வேண்டும், இல்லையென்றால் விலக்கு எழுதி வாங்க வேண்டும். தவறினால் வாரப்படி போச்சு. மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவில் 65 சதவீதத்தை அரசு ஏற்றது. நல்ல சலுகைதான், ஆனால் சம்பளமே இல்லாதவர் மீதி 35 சதவீதத்துக்கு எங்கே போவார்?

அந்த ஆகஸ்டில் புதிதாக வந்த ஓர் ஏற்பாடுதான் எனக்கு இதில் உருப்படியானதாகப் படுகிறது. 50 வயதைத் தாண்டியவர் குறைந்த சம்பளத்துக்கு வேறு வேலையில் சேர்ந்தால், பழைய சம்பளத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை அரசு கொடுக்கும். ஆண்டுக்கு 30,000 டாலர் வாங்கியவர் 22,000-க்குப் போனால் 4,000 டாலர் கிடைக்கும். இரண்டு ஆண்டு வரை, மொத்தம் 10,000 டாலருக்கு மிகாமல். ஆனால் வேலை போன 26 வாரத்துக்குள் புது வேலை கிடைத்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வேலை தேடிக் கிளம்பிய ஊரில் இது லேசில் நடக்கிற காரியமா?

திட்டத்தால் பலன் உண்டா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. தொழிலாளர் துறைக்காக நடந்து 2012-இல் வெளியான மதிப்பீடு, உதவி பெற்றவர்கள் நான்கு ஆண்டுகளில் மற்றவர்களைவிடக் குறைவாகவே சம்பாதித்தார்கள் என்றது. பொருளியலாளர் பெஞ்சமின் ஹைமன் வேறு வழியில் பார்த்தார். மனுவைத் தாராளமாக ஏற்கும் அதிகாரியிடம் மாட்டியவர்களையும் கறாரான அதிகாரியிடம் மாட்டியவர்களையும் ஒப்பிட்டதில், உதவி பெற்றவர்கள் பத்தாண்டில் சுமார் 50,000 டாலர் கூடுதலாகச் சம்பாதித்தது தெரிந்தது. அதாவது, கோப்பு எந்த மேசைக்குப் போகிறது என்பது ஒருவரின் பத்தாண்டு வருமானத்தைத் தீர்மானித்திருக்கிறது. இதைவிட மோசமான சான்று இந்தச் சான்றிதழ் முறைக்கு எதிராக வேண்டுமா?

வரிக்குறைப்புக்கு விலையாகப் பிறந்த திட்டம், வர்த்தக ஒப்பந்தங்களுக்கு வாஷிங்டனில் ஆள் இல்லாமல் போனதும் தானும் அநாதையானது. 2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களுக்குச் சான்றிதழ் வழங்கத் துறைக்கு அதிகாரம் இல்லை. அதற்கு முன் சான்றிதழ் பெற்றவர்களுக்கு மட்டும் உதவி தொடர்கிறது. இப்போது வட கரோலினாவில் ஓர் ஆலை மூடினால் மிஞ்சுவது மாநிலத்தின் வழக்கமான உதவித்தொகைதான். வேலையின்மை விகிதம் குறைவாக இருக்கும் காலத்தில் அங்கே அதற்கு உச்சவரம்பு 12 வாரம்.