ஃப்ளெக்ஸ் பண்றது சரி... யார் காசுல?



"புது ஐபோனை வெச்சு ஃப்ளெக்ஸ் பண்றான்டா." இந்த டயலாக் கேட்காத ஆபீஸ் கேன்டீன் இப்போ இல்லை. ஃப்ளெக்ஸ்னா என்ன?

'வளை' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லில் இருந்து வந்த இங்கிலீஷ் வினைச்சொல் இது. கையை மடக்கி புஜத்தை முறுக்கிக் காட்டுறோமே, அதுதான் ஃப்ளெக்ஸ். அமெரிக்க ஹிப்-ஹாப் பேச்சு வழியா, காசையும் பொருளையும் காட்டிக்கிறதுக்கும் இந்தச் சொல் பரவிடுச்சு. நம்ம ஊர்ப் பேச்சுல சொன்னா சீன் போடுறது, பந்தா காட்டுறது.

நம்ம கீழ்பென்னாத்தூர்ல காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் வைக்கிற ஃப்ளெக்ஸ் பேனருக்கும் வேர் அதேதான். வளையுற பிவிசி ஷீட், அதனால அந்தப் பேரு. செய்யுற வேலையும் கிட்டத்தட்ட அதேதான்!

பழக்கம் புதுசு இல்லை. அடுத்தவங்க பார்க்கணும்னே பண்ற செலவைப் பத்தி தோர்ஸ்டைன் வெப்லன் 1899லேயே புத்தகம் எழுதிட்டார். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. புஜத்தைக் காட்டணும்னா முதல்ல புஜம் இருக்கணும். காசு விஷயத்துல, இல்லாததையும் காட்டலாம். கடன் கொடுக்க கார்டு இருக்கே!

கணக்கைப் பாருங்க. 80,000 ரூபாய் போனை கிரெடிட் கார்டுல வாங்கி, முழு பில்லையும் கட்டாம மாசம் 4,000 மட்டும் கட்டுறீங்கன்னு வெச்சுக்குவோம். மாச வட்டி 3.5%.

- வட்டி: 2,800
- வட்டி மேல ஜிஎஸ்டி 18%: 504
- அசல்ல கழியுறது: வெறும் 696

அதாவது 4,000 கட்டியும் 79,304 ரூபாய் கடன் அப்படியே நிக்குது. போனைக் காட்டுறது நீங்க, சம்பாதிக்கிறது பேங்க்.

இன்னொரு பார்வையாளரும் இருக்கார்: வருமான வரித்துறை.

- ஒரு நிதியாண்டுல கார்டு பில்லுக்கு 10 லட்சமோ அதுக்கு மேலயோ கட்டினா, பேங்க் அதை ரிப்போர்ட் பண்ணும். ரொக்கமா கட்டினா 1 லட்சத்துலயே.
- வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல செலவு பண்ணினா, வருமானம் வரி வரம்புக்குக் கீழ இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் கட்டாயம்.
- 10 லட்சத்துக்கு மேல விலையுள்ள காருக்கு 1% டிசிஎஸ் உண்டு. 2025 ஏப்ரல் 22ல இருந்து அதே விலைக்கு மேல போற வாட்ச், ஹேண்ட்பேக் மாதிரி ஆடம்பரப் பொருளுக்கும் உண்டு. இதை ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். ஆனா வாங்கின விவரம் உங்க பான் நம்பர்ல பதிவாகிடும்.

முக்கியமா, நண்பர்கள் ஃப்ளெக்ஸ் பண்றதுக்கு உங்க கார்டைக் கொடுக்காதீங்க. அவர் ஜிபேல திருப்பிக் கொடுத்தாலும், பேங்க் கணக்குல அது உங்க செலவுதான். நோட்டீஸ் வந்தா பதில் சொல்லப்போறதும் நீங்கதான்.

ஆசைப்பட்டதை வாங்கவே கூடாதுன்னு சொல்லலை. அந்த 4,000ஐ ஆர்டில போட்டா 20 மாசத்துல 80,000 அசலே சேர்ந்துடும், வட்டி தனி. அப்போ வாங்கி ஸ்டேட்டஸ் போடுங்க. அதுதான் உங்க சொந்த புஜம்!